ஆடி மாதத்துக் கல்யாணம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில், திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் போன பஸ்ஸில் ஆரம்பித்த கதை இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கூடவே சிரிப்பும் வரும்.

எங்கள் வீடு பெரிய கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். சூரப்புலி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வகுப்பில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வருவாள். ஆனால் டாக்டர் ஆக வேண்டும் என்பதில் மட்டும் குரங்குப்பிடி. ஒரு முறை எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு லேடி டாக்டர் தினமும் வந்து என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். இவள் பக்கத்தில் நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் ரொம்ப நாள் என் இமையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் தடவை நீட் எழுதியபோது நான் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். மார்க் காலை வாரிவிட்டது. அப்புறம் ஒரு வருடம், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் கையைத் தூக்கி நின்றபடியே, "உன் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப்போகுதுன்னியே, இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். வாயில் ஊசியை வைத்துக்கொண்டு ம், ம் என்று சமாளிப்பேன். கண்ணு பட்டுவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். இரண்டாம் தடவை அவள் எழுதியபோது வெளியே மூச்சுகூட விடவில்லை.

இந்தத் தடவை வந்த மார்க்கை நல்ல மார்க் என்றும் கொண்டாட முடியவில்லை, மோசம் என்றும் தள்ள முடியவில்லை. எத்தனை என்று இங்கேயும் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் நம்பிக்கை எல்லாம் அதில்தான். கிடைக்குமா, கிடைக்காதா? அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நான் துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில், என் தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவள் கணக்குப் போடுவாள். போன வருடம் கடைசி சீட் எந்த மார்க்கில் முடிந்தது, இந்த வருடம் வினாத்தாள் சுலபமா, நம் பிரிவில் எத்தனை பேர் மேலே இருப்பார்கள், அதில் எத்தனை பேர் வேறு ஊர்க் கல்லூரி வேண்டாம் என்று விடுவார்கள் என்று எழுதுவாள், அழிப்பாள். அதன் மேலேயே நான் லைனிங் துணியை விரித்தால் துணி முழுக்க எண்களாக ஒட்டிக்கொள்ளும். வேங்கிக்காலில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைத் தம்பி, "எம்பிபிஎஸ் கஷ்டம்க்கா, பல் டாக்டர் சீட்டு கண்டிப்பா வரும்" என்றார். யூடியூபில் ஒருவர் நிச்சயம் கிடைக்கும் என்றார், இன்னொருவர் வாய்ப்பே இல்லை என்றார். பள்ளிக்கூடத்து டீச்சர், "பார்டர்ல இருக்காம்மா" என்றார். எனக்குத் தெரிந்த பார்டர் எல்லாம் புடவையில் இருப்பதுதான். இந்த பார்டர் எங்களைத் தூங்கவிடாமல் அடித்தது.

என் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை, ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். "இந்த வாட்டி கெடைச்சா டாக்டரு. கெடைக்கலன்னா நம்மூரு காலேஜுல பிஎஸ்சி. மூணாவது வாட்டி உக்கார வெக்க முடியாது, வயசு போவுது" என்றார். அவள் சரிப்பா என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரேங்க் பட்டியல் வந்தது. அவள் போட்ட கணக்குப்படி, எங்கள் பிரிவில் எம்பிபிஎஸ் இடங்கள் அவளோடு தீர்ந்துவிடும், இல்லையென்றால் அவளுக்கு முந்தினவரோடு தீர்ந்துவிடும். அதாவது நூலில் தொங்குகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடியில் துணி காயப்போடும்போது மலையைப் பார்த்துக் கும்பிட்டு, 'எங்களுக்கு முன்னாடி இருக்கிற யாராவது ஒரு ஆள் வேற படிப்புக்குப் போயிடட்டும் சாமி' என்று வேண்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். பெற்றவர்கள் எல்லோரும் அந்த ஒரு மாதம் இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

கவுன்சலிங்குக்கு அழைப்பு வந்தது. அந்தத் தடவை சென்னைக்கு நேரில் போக வேண்டும். முந்தின நாளே கிளம்பி, சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் என் தம்பி வீட்டில் தங்கிக் காலையில் போவதாக ஏற்பாடு. வீட்டுக்காரருக்கு அன்று லோடு இருந்ததால் நானும் மகளும் மட்டும். யாரிடமும் சொல்லக் கூடாது என்பது வீட்டில் என் சட்டம். கிளம்புகிற அன்று வாசலில் நின்று புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து, "எங்கயோ கிளம்பறாப்ல இருக்கு?" என்றார். தடுமாறிப் போய், "சென்னையில ஒரு கல்யாணம்க்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "சரி சரி, போயிட்டு நல்லபடியா வாங்க" என்று உள்ளே போய்விட்டார்.

சொன்னது சொன்னதுதானே. அதற்கேற்ற மாதிரி மற்றதையும் மாற்றினேன். சாதாரணப் புடவையை வைத்துவிட்டுப் பட்டுப்புடவை கட்டினேன். மகளின் ஒரிஜினல் சான்றிதழ்கள் இருந்த ஃபைல் வெளியே தெரிந்தால் சந்தேகம் வரும் என்று, ஏதோ ஒரு கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பையில் அதைப் போட்டு, மேலே ஒரு துண்டை வைத்து மறைத்தேன். வீட்டுக்காரரிடம், "யாரு கேட்டாலும், போன்ல கேட்டாலும், கல்யாணத்துக்குப் போயிருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க. கவுன்சலிங்னு வாயைத் தொறந்தீங்க, அவ்வளவுதான்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பஸ் கீழ்பென்னாத்தூரில் நின்றபோது ஓர் அம்மாவும் பெண்ணும் ஏறினார்கள். அந்த அம்மாவுக்கு என்னைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கும். அவரும் பட்டுப்புடவை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய பெண், ஜன்னலோரம் வேண்டும் என்று பின்சீட்டுக்குப் போயிருந்த என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேர்க்கடலை போட்டிருக்கிறார்களாம், இந்த வருடம் காய் கம்மி என்று பேச்சை ஆரம்பித்தார். வெள்ளந்தியான முகம். "நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டார். "கல்யாணத்துக்குங்க" என்றேன். அவரும் எதிர்வீட்டு அக்காவைப் போலவே ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு, "நாங்களும் கல்யாணத்துக்குத்தான்" என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. திண்டிவனம் வரைக்கும் கல்யாணப் பேச்சுதான். மாப்பிள்ளை என்ன வேலை என்று அவர் கேட்டார், பேங்க் என்றேன். பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுகிறார்கள் என்று நான் கேட்டேன், அவர் முழித்துவிட்டு ஜாஸ்திதான் என்றார். அவர் கொடுத்த புளிசாதத்தை நானும், நான் கொடுத்த முறுக்கை அவரும் சாப்பிட்டோம். பின்னால் பெண்கள் இரண்டும் குசுகுசுவென்று பேசிக்கொண்டே வந்தன. செங்கல்பட்டு தாண்டித் திரும்பிப் பார்த்தால், என் மகள் அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், எத்தனை நாள் தூக்கமோ. அந்தப் பெண் தோளை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சிங்கப்பெருமாள் கோயிலில் கண்டக்டர் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினார். மகளைத் தட்டி எழுப்பி, துணிப் பையையும் டிபன் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது. தம்பி வீட்டுக்குப் போய்க் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவன், "லெட்டரைக் காட்டுக்கா, எத்தன மணிக்குன்னு பாக்கலாம்" என்றான். அப்போதுதான் எனக்கு உயிரே போயிற்று. மஞ்சள் பை பஸ்ஸிலேயே, மேலே சாமான் வைக்கிற இடத்தில்.

தம்பி பைக்கில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தான். பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பிக் கிளம்பிவிட்டதாம். எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள் என்று அவன் விசாரித்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குப் போன் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நம்மூரு காலேஜுல பிஎஸ்சிக்கு இன்னும் சேத்துக்குவாங்களாம்மா?" என்று கேட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "அந்தப் பொண்ணும் கவுன்சலிங்குக்குத்தாம்மா வருது. கல்யாணமும் இல்ல ஒண்ணும் இல்ல. செஞ்சி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டோம்." முன்சீட்டில் அம்மாக்கள் இரண்டு பேரும் பொய்யாக அளந்து கொட்டிக்கொண்டு வர, பின்சீட்டில் பிள்ளைகள் உண்மையைப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு லேசாக நம்பிக்கை வந்தது. அப்படியானால் அவர்கள் பையைப் பார்த்து எடுத்து வைத்திருப்பார்கள் என்றேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நம்ம பிரிவுல எனக்கு அடுத்த ரேங்க் அவளோடதுதாம்மா. அவளும் கணக்குப் போட்டு வெச்சிருக்கா. கடைசி சீட்டு ஒண்ணு எனக்கு, நான் இல்லன்னா அவளுக்குன்னு."

பை அவர்களிடமே இருந்தால்தான் என்ன? அவர்கள் கெட்டது ஒன்றும் செய்ய வேண்டாம். திருட வேண்டாம், மறைக்க வேண்டாம். பையைத் தொடாமல், இறங்கி நடந்தால் போதும். அவர்கள் பெண் டாக்டர். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. முன்னால் இருக்கிறவர் விலகிப் போகட்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டவள் நான். அந்தக் கேள்விக்குள் மேற்கொண்டு போக எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் எதற்கும் இருக்கட்டும் என்று, போனில் இருந்த சான்றிதழ் படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். கவுன்சலிங் நடக்கும் இடத்தின் வாசலில் ஊரே கூடி நின்றது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும்போது, மகள் என் கையை அழுத்திப் பிடித்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், நேற்றுக் கட்டிய அதே பட்டுப்புடவையில் அந்த அம்மா நின்றிருந்தார். மஞ்சள் பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார். "எங்க போனீங்க? எவ்வளவு நேரமா நிக்கிறேன். இந்தாங்க, எல்லாம் இருக்கான்னு பாத்துக்குங்க" என்று பையை என் கையில் திணித்தார். வாங்கினவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னவென்றால் என் மகளைப் பார்த்து, "சாப்ட்டியாம்மா? வெறும் வயித்துல உள்ள போகாத, உனக்கும் இட்லி வாங்கி வெச்சிருக்கேன்" என்கிறார். தன் பெண்ணுக்கு வாங்கும்போது சேர்த்து வாங்கியிருக்கிறார். நாங்கள் வருவோம் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"போன் பண்ணேனே, உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். ஃபைலில் இருந்த நம்பர் என் வீட்டுக்காரருடையது. சாயங்காலமே அதற்குக் கூப்பிட்டு, உங்கள் பெண்ணின் கவுன்சலிங் ஃபைல் பஸ்ஸில் இருந்தது என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர், நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். "கவுன்சலிங்கா? எங்க வீட்டுல யாரும் அதுக்கெல்லாம் போகலீங்க. எங்க ஆளுங்க கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டதற்கும் அதே பதில். ஊரில் யாரோ நோட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்தாராம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப நீங்க விட்டிருக்கலாமேங்க, அவரே இல்லன்னு சொன்ன பெறகு" என்றேன். அவர் சிரித்தார். "ஆடி மாசத்துல கல்யாணம்னு சொன்னா எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரும் இப்ப யாரு கேட்டாலும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடி மாதம். யார் வீட்டிலாவது ஆடியில் கல்யாணம் வைப்பார்களா? வைகாசி ஆனியில் கல்யாண ரவிக்கை தைத்துத் தைத்து விரல் வீங்கி, ஆடி பிறந்ததும் வேலையில்லாமல் ஈ ஓட்டுகிற தையல்காரி நான். எனக்கே அது தோன்றவில்லை. எதிர்வீட்டு அக்காவின் அந்த ஒரு விநாடிப் பார்வையும் இப்போதுதான் புரிந்தது.

மனசு கேட்கவில்லை. "அக்கா, உங்க பொண்ணுதான் எங்க பொண்ணுக்கு அடுத்தவன்னு உங்களுக்கு..." என்று இழுத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. பிள்ளைகள் இரண்டும் தள்ளி நின்று இட்லி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியும்மா. நீங்க எறங்கினதுமே எம்பொண்ணு சொல்லிட்டா, பையில ஃபைலு இருக்கறதையுந்தான். நெனைக்கலன்னு சொன்னா பொய்யி. பையை மேலருந்து எடுக்கறதா வேணாமான்னு பாத்துக்கிட்டேதான் வந்தேன். பஸ்ஸுல எல்லாரும் எறங்கிட்டாங்க, நான் எறங்கல. எம்பொண்ணுதான், அந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் எம்மேல சாஞ்சு தூங்கிச்சும்மான்னா. வேற ஒண்ணும் சொல்லல. எடுத்துட்டேன்."

அந்த இடத்தில் அத்தனை கூட்டம், சத்தம், மைக்கில் பெயர் கூப்பிடுகிறார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாதிரியே கஷ்ட ஜீவனம். எங்கள் மாதிரியே ஒரு மாதம் கிடைக்குமா, கிடைக்காதா என்று செத்துப் பிழைத்தவர். தன் மகளின் சீட்டைத் தானே கொண்டுவந்து, வெயிலில் காத்திருந்து, என் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லத் தெரியாமல் நிற்கிறார். கோயிலில் தீபாராதனையின்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளுமே, அப்படிக் கூப்பிக்கொண்டது.

உள்ளே விட்டார்கள். சான்றிதழ் சரிபார்த்து முடிந்ததும் பெரிய கூடத்தில் வரிசையாக உட்காரவைத்தார்கள். முன்னால் பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகப் போய்த் தேர்ந்தெடுக்க, எண்கள் குறைந்துகொண்டே வந்தன. நாங்கள் நான்கு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பிரிவில் எம்பிபிஎஸ் மூன்று, இரண்டு என்று ஆயிற்று. பிறகு ஒன்று ஆயிற்று. பிள்ளைகள் இரண்டும் போட்ட கணக்கு அப்படியே பலித்தது. என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்து இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். என்னையல்ல, அந்தப் பெண்ணை. இவள் ஏதாவது பைத்தியக்காரத்தனம் செய்துவிடப்போகிறாள் என்று பயந்தேன். அதே நேரத்தில், அப்படிச் செய்தால் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றியது. அந்தப் பெண்தான் முறைத்துப் பார்த்து, "போடி, உன் ரேங்க்கு அது. தானமா குடுத்தா எனக்கு வேணாம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். என் மகள் போய், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லி, கையெழுத்துப் போட்டாள். திரையில் ஒன்று இருந்த இடத்தில் பூஜ்யம் வந்தது.

அந்த அம்மா அந்தத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, என் கைமேல் கையை வைத்து அழுத்தினார். நான்தான் விசும்பி விசும்பி அழுதேன். அழ வேண்டியவர் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். அவருடைய பெண் போய்ப் பல் மருத்துவம் எடுத்துக்கொண்டு வந்தாள். வரும்போது அவள் முகம் வாடித்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்ததும், "அழாதடி. பல்லு வலின்னு ஒரு நாள் எங்கிட்டதான வருவ, அப்ப பாத்துக்கறேன்" என்றாள்.

அன்றைக்கு ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். வரும்போது யாரும் பொய் பேசவில்லை. பெரும்பாலும் பேசவே இல்லை. கீழ்பென்னாத்தூரில் அவர்கள் இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்கள். "அடுத்த ரவுண்டுல எதுனா காலியாச்சுன்னா உங்க பொண்ணுக்குக் கெடைக்கும்க்கா" என்றேன். "கெடைச்சா சந்தோஷம்" என்றார். அடுத்த சுற்றுகளிலும் அந்தப் பெண்ணுக்கு எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி கேட்ட அன்று என் மகள் சாப்பிடவில்லை.

நாங்கள் சந்துக்குள் நுழையும்போது எதிர்வீட்டு அக்கா கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தார். தெருவில் இன்னும் நாலைந்து பேர் சும்மா நிற்கிற மாதிரி நின்றிருந்தார்கள். "கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்று கேட்டார் அக்கா, உதட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஆடியில் கல்யாணம் என்று நான் சொன்னபோதே புரிந்துகொண்டு, நல்ல காரியத்துக்குப் போகிறாள், கேட்டுத் தொல்லை பண்ண வேண்டாம் என்று எல்லாருமே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கண்ணு வைப்பார்கள் என்று நான் பயந்த தெரு அது. நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லா நடந்துச்சுக்கா. பொண்ணு வீட்டுக்காரங்க ரொம்ப நல்ல மனுஷங்க" என்றேன்.

இப்போது என் மகள் மூன்றாம் வருடம் போகிறாள். அந்தப் பெண்ணும் வேறு ஊரில் பல் மருத்துவம் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கிடக்கிறார்கள். பொங்கலுக்குக் கீழ்பென்னாத்தூர் அக்கா வேர்க்கடலை கொடுத்தனுப்புவார். அவருக்கு ரவிக்கை நான்தான் தைக்கிறேன், கூலி என்று பேச்செடுத்தால் சண்டைதான். ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்கள் இப்போது, "எம்பொண்ணு மார்க் கம்மிதான், கெடைக்குமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று அவர்கள் கணக்குப் போடத் தொடங்கும்போது மட்டும் என் கண் அந்த மேஜை ஓரத்துக்குப் போய்விடும். நாங்கள் அத்தனை கணக்குப் போட்டோமே, எங்களுக்குப் பின்னால் நிற்கிறவர்தான் என் மகளைக் கைபிடித்து முன்னால் விடப்போகிறார் என்பதை மட்டும் எந்தக் கணக்கிலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை.